பருத்தியை முன்வைத்து: கல்வித் தத்துவம் பாடவேளைக்குள் எப்படி நுழைகிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பி.எட். படிப்பில் டியூயி, காந்தி, தாகூர், மாண்டிசோரி என்று ஒரு தாள் முழுவதும் கல்வித் தத்துவம் படிக்கிறோம். அது பள்ளிப் பாடத்திட்டத்தையும் கற்பிக்கும் முறையையும் உண்மையிலேயே மாற்றியிருக்கிறதா, தேர்வில் எழுதுவதற்கு மட்டும்தானா?"

அரசுத் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் என் பதில், மாற்றியிருக்கிறது என்பதே. ஆனால் நம் பாடநூல்கள் காட்டும் வழியில் அது நடக்கவில்லை. கருத்துக் கொள்கை, இயற்கைக் கொள்கை, பயனளவைக் கொள்கை என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் நோக்கம், பாடத்திட்டம், கற்பிக்கும் முறை, ஒழுங்கு, ஆசிரியரின் பங்கு என்று ஒரே வரிசையில் எழுதியிருப்பதைப் படிக்கும் மாணவருக்கு, தத்துவவாதி ஒருவர் சிந்தித்தார், உடனே பள்ளிகள் அவ்வாறே நடக்கத் தொடங்கின என்ற எண்ணம் ஏற்பட்டால் அது அவர் குற்றமன்று. ஒரே வேலையை இரண்டு மூன்று தத்துவங்கள் கையிலெடுத்தபோது, பிள்ளையின் ஒரு நாள் எவ்வாறெல்லாம் வேறுபட்டது என்று பார்ப்பது இன்னும் பயனுள்ளது. அதற்குப் பருத்தியை எடுத்துக்கொள்கிறேன்.

1896இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் டியூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனைப் பள்ளியைத் தொடங்கினார். சமையல், தச்சு, நெசவு ஆகியவை அங்கே வரலாற்றுக்கும் அறிவியலுக்கும் நுழைவாயில்களாக இருந்தன. பிள்ளைகளிடம் ஆட்டு மயிரும், காயிலிருந்து அப்படியே எடுத்த பருத்தியும் கொடுக்கப்பட்டன. ஒரு குழுவினர் அரை மணி நேரம் முயன்று விதையிலிருந்து பஞ்சைப் பிரித்தும் ஓர் அவுன்சு கூடத் தேறவில்லை. கம்பளித் தொழிலைக் காட்டிலும் பருத்தித் தொழில் ஏன் பிந்தி வளர்ந்தது என்ற கேள்விக்கான விடை அவர்கள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. அதிலிருந்து கொட்டை நீக்கும் எந்திரம், இழையின் நீளம், நூற்பின் படிநிலைகள் என்று பாடம் விரிந்தது. 1899ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் இதை விவரிக்கும் டியூயி, பள்ளியில் செய்யும் இத்தகைய வேலை பொருளாதார நெருக்கடியிலிருந்து முற்றிலும் விடுபட்டிருக்க வேண்டும் என்றும், விளையும் பொருளின் விலையைக் கருதாமல் குழந்தையின் சமூக ஆற்றலையும் நுண்ணறிவையுமே கருத வேண்டும் என்றும் சொல்கிறார். ஆகவே, அரை மணி நேரத்தில் ஓர் அவுன்சு கூடத் தேறாமல் போனது அந்த வகுப்பின் வெற்றியாகும்.

இப்போது 1937ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வருவோம். மாகாணங்களில் காங்கிரசு அமைச்சரவைகள் பொறுப்பேற்றிருந்தன. மதுவிலக்கு அக்கட்சியின் உறுதிமொழி. ஆனால் அக்காலத்தில் கல்விக்கான செலவில் கணிசமான பகுதி மது வருவாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணத்தில் இராசாசி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடையை மூடினால் பள்ளிக்கூடத்தை எதைக் கொண்டு நடத்துவது என்ற நெருக்கடிக்கு விடை தேடியபோதுதான், தம் மனத்தில் நெடுநாளாக இருந்த கல்விக் கருத்தைக் காந்தி அரசுத் திட்டமாக முன்வைத்தார். எழுத்தறிவு கல்வியின் முடிவுமன்று, தொடக்கமுமன்று என்று அவர் எழுதியதும் அந்த ஆண்டில்தான். தேர்வில் அந்த வரியை மேற்கோளாக எழுதும் பலருக்கு அதன் பின்னால் கள்ளுக்கடைக் கணக்கும் இருந்தது தெரியாது.

அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடு, சாகிர் உசேன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவில் தமிழர் இருவர் இருந்தனர்: இலங்கையிலிருந்து வந்து தாகூரின் சாந்திநிகேதனில் பணியாற்றியிருந்த ஆரியநாயகமும், தஞ்சாவூரில் பிறந்த பொருளியலறிஞர் ஜே.சி. குமரப்பாவும். குழு வகுத்த நாள் அட்டவணையை நான் முதன்முதலில் படித்தபோதுதான் இந்தத் தத்துவம் எனக்கு விளங்கியது என்று சொல்வேன். ஐந்தரை மணி நேரப் பள்ளி நாளில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம்; தாய்மொழிக்கு 40 நிமிடம்; இசை, ஓவியம், கணக்கு மூன்றுக்கும் சேர்த்து 40 நிமிடம்; சமூகப் பாடத்துக்கும் பொது அறிவியலுக்கும் சேர்த்து 30 நிமிடம்; உடற்பயிற்சிக்கு 10, இடைவேளைக்கு 10. கணக்குக்குத் தனி நேரம் மிகக் குறைவாக இருப்பதற்குக் காரணம், நூற்ற நூலின் நீளத்தை அளப்பதும் சிட்டங்களை (நூற்கட்டுகளை) எண்ணுவதும் கூலியைக் கணக்கிடுவதுமே கணக்குப் பாடம் என்று குழு கருதியது. பருத்தி விளையும் மண்ணைப் பற்றிப் பேசினால் அது புவியியல். மில் துணி வந்த கதையைச் சொன்னால் அது வரலாறு.

இதுவரை டியூயியின் பள்ளிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வேறுபாடு நூலை விற்பதில் தொடங்குகிறது. பிள்ளைகள் செய்யும் பொருளின் வருவாய் ஆசிரியரின் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்று காந்தி எதிர்பார்த்தார். அந்த எதிர்பார்ப்பு வந்தவுடன், அரை மணி நேரத்தில் ஓர் அவுன்சு கூடத் தேறாத குழு பள்ளிக்கு நட்டத்தை உண்டாக்கிய குழுவாகிறது. அறுந்த நூல், பாடம் என்ற நிலையிலிருந்து கழிவு என்ற நிலைக்கு இறங்குகிறது. நன்றாக நூற்கும் பிள்ளையை வேறு வேலைக்கு மாற்ற ஆசிரியருக்கு மனம் வராது. சாகிர் உசேன் குழுவே தன் அறிக்கையில் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி, பொருளாதார நோக்கம் கல்வி நோக்கத்தை விழுங்கிவிடக்கூடும் என்று எச்சரித்திருக்கிறது. எனினும், டியூயிக்கு இல்லாத ஒரு துணிவு காந்தியிடம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உடலுழைப்பைப் பிறப்பால் பங்கிட்டு வைத்திருந்த ஒரு சமூகத்தில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஒரே தொழிலைக் கற்க வேண்டும் என்பது சிகாகோவில் யாரும் கேட்டிராத கோரிக்கை.

சென்னை மாகாணத்தில் 1946 முதல் 1949 வரை கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம், ஆதாரக் கல்வி எனப்பட்ட இந்த வார்தா முறையில் பெருநம்பிக்கை கொண்டவர். ஆதாரப் பள்ளி, ஆதாரப் பயிற்சிப் பள்ளி என்ற பெயர்கள் ஊர்தோறும் பழகின. இன்று எண்பதைக் கடந்தவர்களில் பலர் பள்ளியில் தக்ளி என்னும் நூற்புக் கதிரைச் சுற்றிய நினைவைச் சொல்வதைக் கேட்கலாம். நான் கேட்டவரை, அவர்களில் பெரும்பாலோருக்குத் தக்ளி நினைவிருக்கிறது. தக்ளியோடு சேர்த்துக் கற்பித்த கணக்கு நினைவில்லை. கைத்தொழிலோடு பிற பாடங்களைப் பிணைத்துக் கற்பிப்பதற்கு மிக விரிந்த படிப்பும் கற்பனையும் உள்ள ஆசிரியர் தேவை. அத்தகைய ஆசிரியர் கிடைக்காத இடங்களில், காலையில் நூற்பு, மாலையில் பழைய பாடப்புத்தகம் என்று பள்ளி இரண்டாகப் பிளந்து நின்றது. மேலும், இந்தப் பள்ளியை முடித்த பிள்ளை போய்ச் சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளியும் கல்லூரியும் பழைய பாடத்திட்டத்தையே கேட்டன. பெற்றோர் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் ஐயமென்ன?

அடுத்து 1953. இணையத்தில் பலர் ஆதாரக் கல்வியையும் இராசாசியின் தொடக்கக் கல்வித் திட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள், இரண்டும் வேறு. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி என்றும், எஞ்சிய நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றும் அத்திட்டம் சொன்னது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் அதே ஆசிரியர்களைக் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். அந்த நியாயத்தில் ஒரு நிர்வாக உண்மை இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வார்தாவில் தொழில் பள்ளிக்குள் இருந்தது, எல்லோருக்கும் ஒரே தொழிலாக இருந்தது. 1953இல் தொழில் வீட்டுக்குப் போயிற்று, வீட்டுக்கு வீடு வேறாயிற்று. வண்ணார் வீட்டுப் பிள்ளைக்கு வெளுப்பும் குயவர் வீட்டுப் பிள்ளைக்குச் சக்கரமும் என்று அட்டவணையில் யாரும் எழுதவில்லை. சமூகம் அதை முன்பே எழுதி வைத்திருந்தது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதைக் குலக்கல்வி என்று அழைத்துப் போராடியதன் அடிப்படை இதுதான். 1954இல் இராசாசி பதவி விலகினார். அடுத்து முதலமைச்சரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். உழைப்பின் வழியே கல்வி என்ற ஒரே கருத்து, ஓரிடத்தில் சாதியை உடைக்கும் முயற்சியாகவும் மற்றோரிடத்தில் சாதியைக் காக்கும் ஏற்பாடாகவும் ஆயிற்று. இடையில் மாறியது, பிள்ளை தொழிலுக்கான நேரத்தை எங்கே, யாரோடு கழிக்கிறது என்பது மட்டும்தான்.

அதன்பின் கைவேலை என்றாலே தமிழ்நாட்டில் ஓர் ஐயம் ஒட்டிக்கொண்டது, அதில் நியாயமும் உண்டு. 1964 முதல் 1966 வரை செயல்பட்ட கோத்தாரிக் குழு "பணி அனுபவம்" என்ற பெயரில் அதை மீண்டும் பரிந்துரைத்தது. பள்ளியில் அது வாரத்தில் ஓரிரு பாடவேளையாகச் சுருங்கி, பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் கணக்காசிரியரின் உடைமையாகிவிடும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர்.

கைத்தொழிலை விட்டுவிட்டு, எம் தலைமுறை ஆசிரியர்கள் நேரடியாகக் கண்ட ஒன்றுக்கு வருகிறேன். பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு அவரவர் வேகத்தில் தாமே கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்கு வந்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதற்கு முன்னின்றார். தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளின் முறையே அதற்கு முன்மாதிரி. அதற்கும் அப்பால் இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரியின் நிழல் உண்டு. 1939இல் அடையாற்றுக்கு வந்த அவர், போர்க்காலத்தின் பெரும்பகுதியைச் சென்னையிலும் கொடைக்கானலிலும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் கழித்தவர்.

இந்த முறையில் தத்துவம் சுற்றறிக்கையாக மட்டும் வரவில்லை, தட்டுமுட்டுப் பொருள்களாகவே வந்து இறங்கியது. சுவரில், அட்டைகளின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி, தட்டுகளில் அட்டைகள், அவற்றில் விலங்குச் சின்னங்கள், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை, வேலைகளைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல், பிள்ளைகளே குறிக்கும் வருகைப் பதிவேடு. ஆசிரியரும் பாயில் அமர வேண்டும். காய்ச்சலில் சில நாள் படுத்திருந்த பிள்ளை, திரும்பி வந்ததும் தான் விட்ட அட்டையிலிருந்தே தொடங்கும். முன்பெல்லாம் அந்தப் பிள்ளைக்காகப் பாடம் காத்திருக்காது. அவரவர் வேகத்தில் கற்றல் என்று பயிற்சிக் கல்லூரியில் மனப்பாடம் செய்த தொடருக்கு என்ன பொருள் என்பதை எனக்குக் காட்டியது இந்த ஒரு காட்சிதான்.

குறைகள் இல்லாமலில்லை. ஓர் அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி இல்லாமற்போகும். ஆசிரியர் கதை சொல்வதும் வகுப்பு முழுவதும் சேர்ந்து வாய்விட்டுப் பேசுவதும் குறைந்து, சில இடங்களில் அட்டை எடுத்துக் கொடுப்பவராக ஆசிரியர் ஆனார். "பாடமே நடத்துறதில்லையாமே" என்று பெற்றோர் கேட்டனர். எம் பள்ளிக்கு ஆய்வுக்கு வந்த ஓர் அலுவலர் "இன்று எந்தப் பாடம் நடத்துகிறீர்கள்?" என்று கேட்டார். ஒவ்வொரு பிள்ளையும் வெவ்வேறு அட்டையில் இருக்கும் அறையில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஆனால் அவர் கையிலிருந்த படிவத்தில் அதற்கொரு கட்டம் இருந்தது, நாங்கள் ஏதோ ஒன்றைச் சொல்லி அதை நிரப்பினோம். வகுப்பறை ஒரு தத்துவத்திலும் ஆய்வுப் படிவம் வேறொரு தத்துவத்திலும் இருந்தால், காலப்போக்கில் வெல்வது படிவமே. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிள்ளைகளைப் பிரிப்பது தொடர்கிறது. ஆசிரியர் முன்னின்று நடத்துவதும் திரும்பி வந்திருக்கிறது. இதை நான் பின்னடைவாகக் கருதவில்லை.

மதிப்பீட்டைப் பற்றி ஒன்று. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது: கற்கும்போதே மதிப்பிடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. கற்றலின் போக்கிலேயே மதிப்பிட வேண்டும் என்ற கருத்து சிறந்தது. நடைமுறையில் அந்த 40, பதிவேட்டு வேலையாகவும், கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஒட்டுப்படங்களாகவும் ஆகிவிட்ட பள்ளிகள் பல.

மேல்நிலைக்குப் போனால் நிலைமை இன்னும் வெளிப்படை. 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில், தனியார் பள்ளிகள் பலவற்றில் 11ஆம் வகுப்புப் பாடத்தைப் பெயரளவுக்கு முடித்துவிட்டு 12ஆம் வகுப்புப் பாடத்தை இரண்டு ஆண்டும் நடத்தினார்கள். பாடநூல் இருந்தது, பாடத்திட்டம் இருந்தது, அவற்றுக்கு முன்னுரையாக உயர்ந்த நோக்கங்களும் இருந்தன. 2017-18இல் 11ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்த பிறகுதான் அந்தப் பாடங்கள் வகுப்பறைக்குள் நுழைந்தன. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கில் 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை நீக்கியிருக்கிறது. அந்த நோக்கத்தோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் தேர்வு இல்லாத ஆண்டில் 11ஆம் வகுப்புப் பாடத்தை முழுமையாக நடத்த வைக்கும் ஏற்பாடு என்ன என்பதை அரசு பள்ளிகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் 2017க்கு முன்பிருந்த பழக்கம் திரும்பி வருவதற்குத் தடையேதும் இல்லை.