முதுகு மட்டும் முந்நூறு படம்

அன்புள்ள மேடம்,

வயது 27. சொந்த ஊர் விழுப்புரம் பக்கம், வேலை சென்னையில். இரண்டு வருடம் காசு சேர்த்துப் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். தெருவில் நடமாடும் மனிதர்களை எடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் என் மெமரி கார்டைப் பார்த்தால் சிரிப்பீர்கள். மாடு, சைக்கிள், ஆட்களின் முதுகு. முதுகு மட்டும் முந்நூறு தேறும்.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு போனேன். கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா ஒருவரைத் தூரத்தில் நின்று ஜூம் செய்து எடுத்தேன். பார்த்துவிட்டார். "யோவ், எதுக்குய்யா என்னைப் போட்டோ புடிக்கிற?" என்று கத்தினார். நாலைந்து பேர் திரும்பினார்கள். "சும்மா" என்று சொல்லிவிட்டு ஏறக்குறைய ஓடியே வந்துவிட்டேன். அன்றிலிருந்து கேமரா பீரோவுக்குள் கிடக்கிறது. "பெரிய லென்ஸா வாங்குடா, ரொம்பத் தள்ளி நின்னு எடுக்கலாம், யாருக்கும் தெரியாது" என்கிறான் நண்பன். வாங்கலாமா? இல்லை, இந்த ஆசையே எனக்கு ஒத்துவராதா?

- பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள தம்பி,

லென்ஸ் வாங்க வேண்டாம்.

முதலில் அந்த அம்மா விஷயம். அவருக்குப் போணி ஆகியிருந்ததா? முதல் வியாபாரம் நடக்காத நேரத்தில், வாங்க வராத ஒருவர் தள்ளி நின்று குறி பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அதோடு, அவர் உங்களைத் திட்டவில்லை, கேள்விதான் கேட்டார். "எதுக்கு?" நியாயமான கேள்வி. உங்களிடம் பதில் இல்லை, அதனால் ஓடினீர்கள்.

கூச்சம் என்று நீங்கள் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பயம். இன்னொன்று, ஒருவரைக் கேட்காமல் அவர் முகத்தை எடுத்துக்கொண்டு போகிறோமே என்ற உறுத்தல். பயத்தைக் குறைக்க வழி சொல்கிறேன். உறுத்தலைக் குறைக்க மாட்டேன், அது இருக்கட்டும். உங்கள் நண்பர் சொல்லும் லென்ஸ், உறுத்தலை அமுக்கிவிட்டுப் பயத்தை அப்படியே விட்டுவைக்கும்.

பயம் ஏறும், ஒரு உச்சிக்குப் போகும், இடத்தைவிட்டு நகராமல் இருந்தால் பெரும்பாலும் தானாகவே இறங்கும். உச்சியில் இருக்கும்போது ஓடிவிட்டால் உடனே நிம்மதி வரும். ஆனால் 'ஓடியதால்தான் தப்பித்தோம்' என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும், அடுத்த முறை பயம் இன்னும் சீக்கிரமாக வரும். ஜூம், தூரம், முதுகுப் படம் எல்லாமே சின்னச் சின்ன ஓட்டங்கள்தான்.

பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடும் முறையை ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் கொண்டுவந்தார். மனநலத் துறையில் நாங்கள் இன்றும் பயன்படுத்துகிறோம். நீங்களும் போடுங்கள். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவில் படம் எடுப்பது உங்களுக்கு 20 இருக்கலாம், அங்கே ஊரே கேமராவோடுதான் நிற்கும். காசிமேடு 90. நடுவில் இருப்பதில் தொடங்குவோம்.

முதல் இரண்டு வாரம் படமே எடுக்காதீர்கள். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாட வீதியில் நடங்கள், ஒரே கடையில் டீ குடியுங்கள். மூன்றாவது வாரம் மாஸ்டரிடம், "அண்ணே, நீங்க டீ ஆத்துறத எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். சம்மதித்தால் விறைப்பாக நின்று போஸ் கொடுப்பார். முதல் படம் நன்றாக வராது, பரவாயில்லை. அங்கேயே நில்லுங்கள். கூட்டம் வந்ததும் உங்களை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பார், உங்கள் படம் அப்போதுதான் கிடைக்கும். "வேணாம்பா" என்றால் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு டீயைக் கடைசிச் சொட்டுவரை குடியுங்கள். மருந்து அந்த மிச்ச டீயில்தான் இருக்கிறது.

கேமராவால் முகத்தை மறைக்காதீர்கள். சிகாகோவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த விவியன் மேயர் லட்சத்துக்கும் மேல் படங்கள் எடுத்தவர். மேலிருந்து குனிந்து பார்க்கும் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவை மார்பளவில் பிடித்து, குனிந்து பார்த்தே பலவற்றை எடுத்தார். யாரோடும் அதிகம் ஒட்டாதவர் என்றே அவரைச் சொல்கிறார்கள். உங்கள் கேமராவின் திரை மடங்கக்கூடியதென்றால் நீங்களும் அப்படிச் செய்யலாம். எதிரில் இருப்பவருக்கு உங்கள் சிரிப்பு தெரியும். (குழந்தைகள் என்றால் பெற்றவரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.)

"எதுக்கு?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். "உங்க கூடைமேல வெளிச்சம் விழுந்தது அழகா இருந்துச்சும்மா. வேணாம்னா அழிச்சிடறேன்." அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். போனில் பேசுவது, ஆபீஸ் மீட்டிங்கில் வாய் திறப்பது, நாலு பேர் நடுவே சாப்பிடுவது, இவற்றையும் தவிர்க்கிறீர்களா? அப்படியென்றால் இது கேமரா விஷயம் மட்டும் இல்லை. உளவியல் நிபுணரை நேரில் பாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம்தான்.

அந்த அம்மாவின் படம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் பிரிண்ட் போட்டு வையுங்கள். சில மாதம் கழித்து, காசிமேட்டின் 90 பாதியாக இறங்கியதும், ஒரு ஞாயிறு கூட்டம் வடிந்த நேரத்தில் போங்கள். முதலில் அரைக் கிலோ சங்கரா வாங்குங்கள், அப்புறம் படத்தை நீட்டுங்கள். திட்டினாலும் மீனை வெட்டி வாங்கிக்கொண்டு நடந்தே வாருங்கள்.