சீறும் பூனைக்குத் தோட்டம் பாருங்கள்

வணக்கம்ங்க. உங்கள் திருப்பூர்க் காப்பகத்துச் சாம்பல் பூனையைச் சீறிப் பிறாண்டுகிறது என்று இரண்டு அடுக்குமாடி வீடுகள் திருப்பி விட்டதைப் படித்து மனசு கனத்துவிட்டது. அது கெட்ட பூனை இல்லை, பயந்த பூனை. பிறந்து 2 முதல் 7 வாரத்துக்குள் மனிதர் கை படாமல் வளர்ந்த குட்டிகள் பலவும் இப்படித்தான் ஆகும்.

மூன்றாவதாகவும் அடுக்குமாடி தேடாதீர்கள். பொள்ளாச்சி, கோபி பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். கடலை மூட்டையும் மாட்டுத் தீவனமும் இருக்கிற இடத்தில் எலித் தொல்லை உண்டு, பூனைக்கு மரியாதையும் உண்டு. ஆனால் எலி மருந்து வைக்கும் வீடு வேண்டவே வேண்டாம். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் போய்விடும். எலி பிடிக்கட்டும் என்று பட்டினி போடுபவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடித்தே அனுப்புங்கள். போனதும் அவிழ்த்துவிட்டால் ஓடிப்போகும். மூன்று, நான்கு வாரம் ஓர் அறையில் அடைத்து, மணல் தட்டு வைத்து, தினமும் ஒரே நேரத்தில் சோறு வைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்துக்கு வந்த ஒற்றைக்கண் பூனை மூன்று மாதம் தொடவே விடவில்லை. நாங்களும் தொடப் போகவில்லை. அப்புறம் ஒருநாள் கட்டுத்தரையில் பால் கறக்கும்போது தானாக வந்து காலை உரசியது. உங்கள் பூனையை எடுக்க வருகிறவர்களிடம், அது சீறும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தெரிந்து எடுப்பவர்தான் காத்திருப்பார்.