கதை நகராத படம்

கேள்வி: ‘நெப்போலியன் டைனமைட்’ பார்த்தேன். கதையே நகரவில்லை. இதையா இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

பதில்: நகரவில்லைதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துச் சிற்றூரான பிரெஸ்டனில், சுமார் 4 லட்சம் டாலர் செலவில் ஜாரெட் ஹெஸ் எடுத்த இப்படம், 2004-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, பிறகு 4 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. பள்ளியில் யாரும் மதிக்காத நெப்போலியன், உருளைக்கிழங்கு வறுவலைக் கால்சட்டைப் பையில் பதுக்கி வைத்து வகுப்பில் ஒவ்வொன்றாகத் தின்கிறான். இன்னொரு மாணவன் காலால் உதைத்து அதை நசுக்குகிறான். இங்கே இசையை உரக்க ஒலிக்கவிட்டு நம்மை அழச் சொல்லவுமில்லை, சிரிக்கச் சொல்லவுமில்லை. (எனக்கு முதலில் வந்தது சங்கடம், சிரிப்பு பிறகுதான்.) மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கும் நண்பன் பெத்ரோவுக்காக மேடையேறி அவன் ஆடும்போதுகூட, விலகி நிற்கும் பிள்ளைகளை அழகாக்கிக் கூட்டத்தோடு சேர்த்துவிடும் வழக்கமான பள்ளிப் படங்களைப் போல, இயக்குநர் அவனை வேறொருவனாக மாற்றிவிடவில்லை. அதே கனத்த பூட்ஸ், அதே பாதி மூடிய கண்கள். 1982-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கால்பந்துக் கனவிலேயே தங்கிவிட்ட சித்தப்பா ரிக்கோவை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்; வளராமல் நின்றுபோனது பெரியவர்தான்.