ஏழு மாதக் குழந்தைக்கு சைகோன் சமையல் கொடுக்கலாமா?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “என் பெண்ணுக்கு ஏழு மாதம் முடிந்துவிட்டது. மாமியார் வீட்டினர் வியட்நாமின் சைகோனிலிருந்து வந்தவர்கள். சாயோ (கறிக் கலவையை அரிசித் தாளில் சுருட்டிப் பொரிப்பது), எலுமிச்சைப்புல் சூப் எல்லாம் வாராவாரம் உண்டு. குழந்தைக்கும் ருசி காட்டலாமா? ஒரு வயது வரை பருப்பு சாதம் போதும் என்கிறார் அம்மா. தெரிந்தவர் ஒருவர் ‘பல நாட்டுச் சுவை’ என்று பாக்கெட் கூழ் விற்கிறார், வாங்கலாமா?”

தாராளமாகக் காட்டலாம். கர்ப்பத்தின்போது நீங்கள் சாப்பிட்ட பூண்டின் வாசம் பனிக்குட நீரிலேயே அவளுக்குப் போய்விட்டது, இப்போது தாய்ப்பாலிலும் போகிறது. உங்கள் வீட்டு மணம் அவளுக்குப் பழக்கமானதுதான். உப்பு, சர்க்கரை, மிளகாய்க் காரம், இவை மூன்றையும் தள்ளி வையுங்கள்.

சாயோ செய்கிற அன்று, மீன் சாஸ் ஊற்றுவதற்கு முன்பே கோழிக்கொத்து, கேரட், சேமியா கலவையில் எலுமிச்சை அளவு எடுத்து வையுங்கள். இட்லித் தட்டில் நன்றாக வேகவைத்து மசித்து, குழைந்த சோற்றோடு இரண்டு ஸ்பூன் கொடுங்கள். சூப்பில் எலுமிச்சைப்புல்லைக் கொதிக்கவிட்டு எடுத்துவிடுங்கள், நார் தொண்டையில் சிக்கும். முகம் சுளிப்பாள், நாக்கால் வெளியே தள்ளுவாள். பிடிக்கவில்லை என்று அன்றே முடிவு கட்டாதீர்கள். எட்டு, பத்து முறை கொடுத்த பிறகு வாய் திறக்கும் குழந்தைகள்தான் அதிகம்.

தேன் ஒரு வயது வரை கூடாது. அன்னாசிப்பூக் கஷாயமும் வேண்டாம். பார்க்க அதேபோல இருக்கும் நச்சு இனம் கலந்துபோய்க் குழந்தைகளுக்கு வலிப்பு வந்திருக்கிறது.

வேர்க்கடலையைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டால் ஒவ்வாமை வராது என்று மருத்துவர்களான நாங்களே ஒரு காலத்தில் சொன்னோம், அது தவறு. பிரிட்டனில் ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிட்டவர்களுக்கு ஐந்து வயதில் அந்த ஒவ்வாமை மிகக் குறைவு. ஆனால் உடம்பெல்லாம் கரப்பான் உள்ள குழந்தை, முட்டை சாப்பிட்டதும் தடித்துப்போன குழந்தை என்றால் வீட்டில் தொடங்கவே வேண்டாம், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். லேசான வறட்சியைக் கரப்பான் என்று பயப்படவும் வேண்டாம். கொடுக்கும்போது முழுக் கடலை கூடாது, விழுதாக அரைத்துக் கஞ்சியில் கரையுங்கள்.

சரி, அந்தப் பாக்கெட். வாங்காதீர்கள். பின்பக்கம் கடுகளவு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், சேர்மானம் இருக்கும். படித்துப் பாருங்கள், சர்க்கரையும் மால்டோடெக்ஸ்ட்ரினும் (மாவுச்சத்திலிருந்து எடுக்கும் பொடி) எத்தனாவது இடத்தில் இருக்கின்றன என்று. அதிகம் போட்டதுதான் முதலில் வரும். இருபது தானியம் போட்ட ‘வீட்டுத் தயாரிப்பு’ சத்துமாவும் இதே தொல்லைதான். தடிப்பு வந்தால் எதனால் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வயது வரையிலான குழந்தைகளின் உணவுக்கு விளம்பரமே கூடாது என்று சட்டம் இருக்கிறது. 1992-ல் வந்து 2003-ல் இறுக்கப்பட்ட சட்டம். மருத்துவமனை ஊழியர்களுக்குக் கமிஷன், பரிசு கொடுப்பதும் குற்றம். இருந்தும் ஊசி போட வரும் தாய்மார்களிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டு போகிறவர்களை நான் கண்ணாலேயே பார்க்கிறேன். கேட்பார் இல்லை.

அவர்களுக்கு வழிவிட்டதும் நாம்தான். அரசு தடுப்பூசி அட்டவணையில் 14-வது வார ஊசிக்கு அப்புறம் அடுத்தது 9-வது மாதம். சோறு தொடங்கும் ஆறாம் மாதத்தில் தாயை எந்த ஊசியும் மருத்துவமனைக்கு அழைப்பதில்லை. பாக்கெட்காரர் மட்டும் சரியாக வந்துவிடுகிறார்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். புது உணவு ஒவ்வொன்றாக, இரண்டு மூன்று நாள் இடைவெளியில். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்து 9-வது மாத ஊசிக்கு எடுத்துப் போங்கள். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.