அடி, இன்ச்சை சென்டிமீட்டராக மாற்ற 30-ஆல் பெருக்கினால் போதாதா?

கண்ணால் குத்துமதிப்பாகப் பார்க்கப் போதும். ஆனால் இந்தக் கேள்வி கேட்கிறவர் பெரும்பாலும் வீடு கட்டிக்கொண்டிருப்பார். அப்படியென்றால் போதாது.

ஓர் அடி 30.48 சென்டிமீட்டர். அரை சென்டிமீட்டர்கூட இல்லையே என்று தோன்றும். பத்தடிச் சுவருக்கு அது 4.8 சென்டிமீட்டர் ஆகிவிடும், கிட்டத்தட்ட இரண்டு இன்ச். பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துப் பாருங்கள், மறுபக்கத்து 12-ஆவது இன்ச் கோடு 30-ஐத் தாண்டித்தான் நிற்கும்.

என்னைக் கவிழ்த்தது வேறு, ஒரு புள்ளி. மூன்று வருடம் முன்பு திண்டுக்கல்லில் வீடு கட்டினோம். பாத்ரூமுக்கு ஃபைபர் கதவு. அளவு கொடுத்தால் செய்து அனுப்பும் கம்பெனியில் சொல்லியிருந்தேன். கிரானைட் நிலை ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. மேஸ்திரி போனில், "உசரம் ஆறே முக்கா, அகலம் ரெண்டரை சார்" என்றார். எனக்கு அது பழைய ஆள் பேச்சாகத் தெரிந்தது. "அடி, இன்ச்சுல கரெக்டா சொல்லுங்க" என்றேன். "ஆறடி ஒம்போது இன்ச்சு, ரெண்டடி ஆறு இன்ச்சு." நான் 6.9, 2.6 என்று குறித்துக்கொண்டு, மில்லிமீட்டராக மாற்றி 2103, 792 என்று அனுப்பிவிட்டேன்.

கதவு வந்தது. நிலைக்குள் நுழையவில்லை. ஆசாரி டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உசரத்துல பதினாலு நூலு ஜாஸ்தி" என்றார். இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நூல், மூன்று மில்லிமீட்டரும் கொஞ்சமும். மரக்கதவாக இருந்தால் இழைத்துவிடலாம். ஃபைபரை அறுத்தால் உள்ளே இருக்கும் ஃபோம் வெளியே தெரியும். எங்கே தப்பு என்று கேட்டேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பூசாத சுவரில் 81 என்று எழுதினார். ஆறடிக்கு 72 இன்ச், அதோடு 9. அப்புறம் பீடி பற்ற வைக்கப் போய்விட்டார்.

கணிதத்தில் எம்.எஸ்சி. வாங்கியவன் நான். 6 அடி 9 இன்ச் என்பது 6.75 அடி, மேஸ்திரி சொன்ன அதே ஆறே முக்கால். அதை அப்படியே எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன். அந்தக் கதவு இப்போது மாடியில் படுத்திருக்கிறது, மனைவி அதன்மேல் வடகம் காயப்போடுகிறார்.

அதனால், முதலில் எல்லாவற்றையும் இன்ச்சாக்குங்கள், பிறகு 25.4-ஆல் பெருக்குங்கள், மில்லிமீட்டர் வந்துவிடும். 81-க்கு 2057. இந்த 25.4 தோராயம் கிடையாது. அமெரிக்கா, பிரிட்டன் உள்பட ஆறு நாடுகள் 1959-இல் பேசி முடித்த சரியான அளவு. கூகுளில் போட்டால் வந்துவிடுமே, இதற்கு எதற்கு இவ்வளவு நீளம் என்பவர்களுக்கு: நானும் கூகுளில்தான் போட்டேன். 6.9-க்கு அது சரியான விடைதான் கொடுத்தது. டேப்பில் மில்லிமீட்டர் பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கலாமே என்றால், ஆமாம், சொல்லியிருக்கலாம்.

எழுத உட்கார்ந்ததும் டைல்ஸ் கடை ஞாபகம் வந்து எரிகிறது. 'ரெண்டுக்கு ரெண்டு' என்று விற்கிறார்களே, அது இரண்டடி இல்லை. 600 மில்லிமீட்டர், அதாவது 23.6 இன்ச். நாலு டைல் உள்ள பாக்ஸை 16 சதுர அடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பாக்ஸின் மேலேயே 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கிறது. கணக்குப் போட்டால் 15.5 சதுர அடி. 800 சதுர அடிக்கு 50 பாக்ஸ் எடுத்தோம், 775-தான் வந்தது. மறுபடி இரண்டு பாக்ஸ் வாங்கினால் ஷேடு வேறு. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் சார் விக்கிறோம்" என்றார். ஹாலில் டிவி ஸ்டாண்டை ஏன் மூலையில் ஒதுக்கிப் போட்டிருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அந்த ஷேடு அதற்கு அடியில்தான் இருக்கிறது.