கேள்வி – பதில்: ஆட்டோவும் ஊரடங்கு பாக்கியும்

2020 ஊரடங்கில் ஆட்டோ கடனுக்கு ஆறு மாதம் டியூ கட்டவில்லை. அப்போது பாக்கி 1,50,000 ரூபாய், வட்டி 18 சதவீதம். பிறகு வெறும் 516 ரூபாய் வரவு வைத்தார்கள். வட்டி தள்ளுபடி என்றார்களே?
– ஓட்டுநர், அம்பத்தூர்

தள்ளுபடி என்று ரிசர்வ் வங்கி சொல்லவே இல்லை. 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை டியூவை ஒத்திவைக்கத்தான் அனுமதித்தது; வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. உங்கள் பாக்கிக்கு மாதம் 2,250, ஆறு மாதத்துக்கு 13,500. அது அசலோடு சேர்ந்து குட்டி போட்டு 14,016 ஆனது. மத்திய அரசு திருப்பித் தந்தது அந்தக் குட்டியை, அதாவது வட்டிக்கு வட்டியை மட்டும்: 516. கணக்கு சரிதான். மாதம் 6,000 டியூ என்றால், 32 தவணையில் முடிய வேண்டிய கடன் 36 தவணை போயிருக்கும். கட்டாத ஆறு மாதம் தனி.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. கடன் கொடுத்த கம்பெனியில் கணக்கு விவரம் வாங்கி, அந்த ஆறு மாதத்தில் அபராத வட்டி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 அன்றே தீர்ப்பளித்துவிட்டது. போட்டிருந்தால் அதைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

தண்டலுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. 10,000 என்று எழுதி 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வசூலிப்பவர் ரிசர்வ் வங்கிக் கணக்கிலேயே வராதவர். அவர் மிரட்டினால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் போலீசில் புகார் கொடுக்கலாம். தண்டலும் அதில் அடக்கம்.

அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் காப்பீடு இருக்கிறது. மறுபடி தொற்று வந்தால் உதவுமா?
– வாசகி, தாம்பரம்

உதவாது. அது விபத்துக்கு மட்டும். நோயால் இறந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைப்பது வருடம் 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீட்டுத் திட்டத்தில். சேரும் வயது 18 முதல் 50. சேர்ந்த முதல் 30 நாளில் விபத்து மரணத்துக்கு மட்டுமே பணம் வரும். ஆகவே தொற்று பரவிய பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்தால் உடனே உதவாது. பிரீமியம் மே கடைசி வாரத்தில் தானாகப் பிடிக்கப்படும். சவாரி இல்லாத மாதத்தில் கணக்கு காலியாக இருந்தால் காப்பீடு அறுந்துவிடும், பல வீடுகளில் அது தெரியவே தெரியாது. அந்த 436ஐ ஏப்ரலிலேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கொரோனா காலத்தில் ஆட்டோவுக்குத் தினமும் பிளீச்சிங் தண்ணீர் அடித்தேன். கம்பியெல்லாம் துரு. ஏன்?
– ஓட்டுநர், மதுரை

குளோரின் இரும்பை அரிக்கும். 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் 20 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தாலே போதும். தெளிக்காதீர்கள், துணியில் நனைத்துத் துடையுங்கள். பயணி பிடிக்கும் கம்பியும் சீட் விளிம்பும்தான் முக்கியம். ஒரு நிமிடம் கழித்து வெறும் தண்ணீரில் துடைத்தால் துரு ஏறாது. ஆனால் தொற்று பெரும்பாலும் வருவது காற்று வழியே. மழை இல்லாதபோது பக்கவாட்டு ரெக்சின் திரையைச் சுருட்டியே வையுங்கள்.