தட்டில் மிஞ்சும் பாதிச் சோறு

வணக்கம்.

என் அப்பாவுக்கு 63 வயது. ஏழு வாரத்துக்கு முன் மூளையின் வலப்பக்கத்தில் ஸ்ட்ரோக். இடது கை லேசாக அசைகிறது, பிடித்துக்கொண்டு நடக்கிறார், பேச்சில் குறையில்லை. ஆனால் தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் தின்றுவிட்டு "இன்னும் போடு" என்கிறார். இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் தேடுகிறார். பார்வையில் கோளாறில்லை என்கிறார் கண் டாக்டர். தெரபிஸ்ட் 'நெக்லெக்ட்' (மூளை ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடும் புறக்கணிப்பு) என்றார். எல்லாவற்றையும் இடப்பக்கம் வைத்தால் தானாகத் திரும்புவார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அம்மாவோ, வேண்டுமென்றே செய்கிறார் என்று திட்டுகிறார். வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? கடைக்குத் தனியாக அனுப்பலாமா?

ர.

அன்புள்ள ர.,

முதலில் அம்மாவின் கோபத்தை ஆற்றுங்கள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். இரு கைகளையும் அகல விரித்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து விரலை மட்டும் அசையுங்கள். அவருடைய இடப்பக்கம் அசைந்தாலும் அநேகமாகச் சொல்லிவிடுவார். இப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அசையுங்கள். இந்த நிலையில் இருக்கும் பலரும் "வலது மட்டும்" என்பார்கள். பார்வையே போயிருந்தால் தனியாக அசைத்தபோதும் தெரிந்திருக்காது. வலப்பக்கம் ஒன்று இருக்கும்வரை இடப்பக்கம் கவனத்தில் ஏறுவதில்லை. அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

மிலான் நகரில் பிசியாக், லுட்சாட்டி என்ற இருவர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட வியப்பானது. இப்படிப்பட்ட நோயாளிகளிடம், ஊர் நடுவே உள்ள பேராலயச் சதுக்கத்தை மனக்கண்ணில் கொண்டுவரச் சொன்னார்கள். கோயிலைப் பார்த்து நிற்பதாக நினைத்தபோது வலப்பக்கக் கட்டடங்களை அடுக்கினார்கள். இடப்பக்கம் பெரும்பாலும் விட்டுப்போனது. பிறகு கோயில் வாசலிலிருந்து எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னதும், முன்பு விட்ட கட்டடங்கள் வந்தன, சொன்னவை விட்டுப்போயின. நினைவு அழியவில்லை. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. சுற்றியுள்ள வெளியை மூளை போடும் கணக்கிலேயே ஒரு பக்கம் கழன்றிருக்கிறது.

அதனால்தான் "இடப்பக்கம் பாருங்க" என்று நூறு முறை சொன்னாலும் பலிப்பதில்லை. அவர் சரி என்று திரும்புவார். தனக்கு இடப்பக்கம் முடிந்துவிட்டதாகத் தோன்றும் இடத்தில் நின்றுவிடுவார். அது உண்மையில் நடுப்பகுதியாக இருக்கும். வந்து சேர்ந்தோமா இல்லையா என்று அவரே தெரிந்துகொள்ள ஓர் அடையாளம் வேண்டும்.

சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒன்று வாங்கி, செய்தித்தாளின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒட்டுங்கள். சிவப்பைக் காணாமல் எந்த வரியையும் தொடங்கக்கூடாது. அது ஒன்றுதான் விதி. முதல் சில நாட்கள் டேப்பின் மேல் விரலால் தட்டிக் காட்டுங்கள். பிறகு "சிவப்பு?" என்று கேட்டால் போதும். பிறகு அதையும் நிறுத்துங்கள். பெரும்பாலான வீடுகள் கோட்டைவிடுவது இந்தக் கடைசிப் படியில்தான். நீங்கள் சொல்லிக்கொண்டே இருந்தால், சொல்லும்போது மட்டும் பார்ப்பார். வாசிக்கும்போது சொல்லின் முன்பாதியே போகலாம்: 'மரக்கிளை' என்பது 'கிளை' ஆகும். நம் எழுத்தில் கொம்பு இடப்பக்கம் நிற்பதால், அதை விடுகிறாரா என்றும் கவனியுங்கள்.

சாப்பாட்டில் பயிற்சியை வைக்காதீர்கள். பசியில் இருப்பவருக்குத் தட்டைப் பாதி சுற்றித் திருப்பிவிடுங்கள், அவ்வளவுதான். இலை போட்டால் நுனி இடப்பக்கம் வரும், உப்பும் ஊறுகாயும் அங்கேதான் இருக்கும். வைக்கவே இல்லை என்று சண்டைக்கு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் இடது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். படுத்தபின் அது மூச்சுக்குழாயில் இறங்கலாம்.

இடது கை அசைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய மூலதனம். வாசிக்கும்போது அந்தக் கையை மேசையின் இடது ஓரத்தில் வைத்து, இடையிடையே விரலைத் தூக்கித் தட்டச் சொல்லுங்கள். இயன் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் செய்த சோதனைகளில் இப்படிச் சிறிதாக அசைத்தாலே இடப்பக்கக் கவனம் கூடியது. ஆனால் அவரே அசைக்க வேண்டும். நீங்கள் பிடித்து அசைத்தால் அந்தப் பலன் இல்லை. வலது கையும் சேர்ந்து அசைந்தாலும் பலன் போய்விடுகிறது, ஆகவே அதை மடியில் வைத்துவிடுங்கள். தூங்கி வழியும் நேரத்தில் எதுவும் வேண்டாம். சோர்வு வந்தால் புறக்கணிப்பு கூடும். காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம் என்று தெரபிஸ்ட்டைக் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்களின் யோசனைக்கு வருகிறேன். தண்ணீர், மணி, போன் மூன்றும் இப்போதைக்கு வலப்பக்கமே இருக்கட்டும். அவசரத்துக்குக் கூப்பிட முடியாதவரை வைத்துக்கொண்டு பயிற்சி நடத்தக்கூடாது. பேச வருகிறவர்கள் நேர் எதிரே வந்து, அவர் கண்ணைப் பிடித்தபின், பேசிக்கொண்டே மெல்ல அவருடைய இடப்பக்கம் நகரட்டும். நேராக இடப்பக்கம் போய் உட்கார்ந்தால், அவரைப் பொறுத்தவரை நீங்கள் வரவே இல்லை. இடது கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், தோள் மூட்டு நழுவும்.

யாராவது பிரிசம் கண்ணாடியைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். 1998இல் ரொசெட்டி என்ற ஆய்வாளரின் குழு, காட்சியை 10 டிகிரி வலப்பக்கம் நகர்த்தும் கண்ணாடியை மாட்டி, விரலால் குறியைச் சுட்டச் சொன்னது. கழற்றியபின் கை இடப்பக்கம் சாய்ந்தது, புறக்கணிப்பும் சில மணி நேரம் குறைந்தது. அன்றாட வேலைகளில் அது நிலைக்கிறதா என்பதில் பிந்தைய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. தெரபிஸ்ட் செய்தால் செய்யட்டும்; ஆன்லைனில் வாங்கிப் போட்டுப் பார்க்கும் பொருள் அல்ல.

முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு ஏ4 தாளில் 40 சிறு கோடுகளைச் சிதறலாகப் போட்டு, அவர் நெஞ்சுக்கு நேரே வைத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே அடிக்கச் சொல்லுங்கள். தாளை அவர் நகர்த்தக்கூடாது. இடது பாதியில் எத்தனை விட்டார் என்று தேதியோடு குறித்து, தாளைப் பத்திரப்படுத்துங்கள். இதையே தினமும் கொடுத்தால் இதில் மட்டும் தேறிவிடுவார், தட்டில் சோறு மிஞ்சும்.

கடைக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். நம் சாலையில் முதல் பாதியைக் கடக்கும்போது வண்டி வலப்பக்கமிருந்து வரும். அதை அவர் பார்ப்பார், நின்று நிதானமாகவே இறங்குவார். நடுவைத் தாண்டியதும் வண்டி இடப்பக்கமிருந்து வரும். கூடப் போகிறவர் அவருக்கு இடப்பக்கம் நடக்கட்டும்.